நைனா என்னும் வழித்துணை

என் நைனா பேர் பெற்ற ஒரு புத்தகத்தில் இருக்கிறார். அதில் அவர் பெயர் தப்பு, மதம் தப்பு. தலையில் கட்டியிருந்த துண்டின் நிறம் மட்டும் சரி.

புத்தகத்தின் பெயர் 'ஆறு ஜில்லா நடந்தேன்'. எழுதியவர் வைத்தமாநிதி, திருநெல்வேலிச் சீமைக்காரர். இருபத்தொன்பதாம் வருஷம் கையில் ஒரு தடியும் தோளில் ஒரு பையுமாக ஆறு ஜில்லாவை நடந்தே பார்த்துவிட்டு, அதைப் பத்திரிகையில் வாராவாரம் எழுதினார். அந்தக் காலத்தில் அதைப் படிக்காத வாத்தியார் கிடையாது என்பார் என் வீட்டுக்காரர். அவரும் வாத்தியார்தான், இருதயநாதன் என்று பெயர். தூத்துக்குடியில் பிறந்து, திண்டிவனத்துக்குப் பாடம் சொல்ல வந்து, என்னைக் கட்டிக்கொண்டவர். ஜெபப் புத்தகத்தில்கூடப் பென்சிலால் கோடு போடுவார். வைத்தமாநிதி புத்தகத்தில் போட மாட்டார். அதற்கு மூன்று அட்டை, அட்டைக்கு மேல் ஒரு துணி. இவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்திருந்தால் நான் ஒரு சுற்றுப் பெருத்திருப்பேன்.

கல்யாணமாகி நாலு வருஷம் அந்தப் புத்தகத்தை நான் தொட்டதில்லை. நாற்பத்து மூன்றில் அம்மா செத்துப்போனாள். அந்த வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். துக்கத்தில் இருக்கிறாளே என்று எனக்கு ஆறுதலாக எதையாவது படித்துக்காட்ட நினைத்து, 'உங்க ஊரு வருது, கேளு' என்று செஞ்சி அத்தியாயத்தைத் திறந்தார்.

"செஞ்சியில் எனக்கு வழித்துணையாக வாய்த்தவர் நைனா என்னும் முகமதிய அன்பர். குளக்கரையில் நின்ற சிறுமி ஒருத்தி அவரை அப்பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். அவ்வூரில் சிறுவர்களும் பெரியவர்களைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள் போலும். சிவப்புத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார். ராஜகிரி உச்சியில் அதை அவிழ்த்துக் கிழக்கே பார்த்து நெடுநேரம் வீசினார். கழுகை விரட்டுகிறாரோ என்று எண்ணினேன். பிறகு அவர் சிரித்தார். ஏன் என்று கேட்டேன். சொல்லவில்லை."

என் கையில் இருந்த மல்லாட்டை தரையில் சிதறிவிட்டது.

"அது எங்க நைனாங்க" என்றேன்.

"எது?"

"அந்த ஆளு. அவருக்குப் பேரு காஸ்பர். குளக்கரையில கூப்ட்ட பொண்ணு நான்தான்."

அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "முகமதிய அன்பர்னு அச்சில போட்டிருக்கே" என்றார். "எங்க பக்கம் நைனான்னா சாயபுமார் பேரு. நைனா முகமது, செய்யது நைனான்னு தெருவுக்கு நாலு பேரு உண்டு."

"எங்க பக்கம் நைனான்னா அப்பா."

அது அவருக்குத் தெரியாததில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தினமும் சொல்வதுதான். ஆனால் புத்தகத்துக்குள் இருக்கிற நைனா வேறு, வெளியில் இருக்கிற நைனா வேறு என்று மூளையில் இரண்டு அறை கட்டி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை செஞ்சிக்கே போய், சாயபுமார் தெருவில் டீக்கடை வைத்திருந்தவரிடம், 'இங்கே நைனா என்று ஒருவர் இருந்தாரா' என்று விசாரித்திருக்கிறார். கடைக்காரர், "இன்னா சார், செஞ்சில வூட்டுக்கு ஒரு நைனா இருக்காரு. உங்களுக்கு எந்த நைனா வேணும்?" என்றாராம். கடைக்காரர் கிண்டல் பண்ணியதாக நினைத்து, அந்த வருத்தத்தையே பத்து வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தார் மனுஷர். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றைக்கு நடந்ததை அவரிடம் அப்போதுதான் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை. ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னேன்.

எனக்கு ஏழு வயது. நைனா கொத்து வேலை செய்பவர். ரங்கூனில் வீடு கட்டுகிற வேலைக்கு ஆள் எடுத்தார்கள். போகிக்கு மறுநாள் கிளம்ப வேண்டும். போகிக்கு முந்தின நாள் ஊருக்குள் நடந்து வந்த ஒரு பெரிய மனுஷர், கோட்டை பார்க்கத் துணைக்கு ஆள் கேட்டிருக்கிறார். நைனா, 'நான் வரேன்' என்றார். கிளம்பும்போது நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். என்னைச் செட்டிக்குளத்துக் கரை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அம்மா மாதா கோயில் பூசைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் வெள்ளை முக்காட்டுத் துணியை என் கையில் கொடுத்தார்.

"நான் உச்சிக்குப் போயி துண்ட வீசறேன். நீ இங்க நின்னு இத வீசு. நீ வீசறத பாத்துட்டேன்னா ரங்கூன் எனக்கு அடுத்த தெரு மாதிரி."

அவர்கள் நாலடி போன பிறகு "நைனா, சீக்கிரம் வீசு" என்று கத்தினேன். அதைத்தான் அந்தப் பெரிய மனுஷர் காதில் வாங்கிக்கொண்டு போய் எழுதியிருக்கிறார்.

நான் விட்டது இதற்கு அடுத்தது. கொஞ்ச நேரம் நின்றேன். மலையில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது தெருவில் பூம்பூம் மாட்டுக்காரன் மேளம் கேட்டது. மாட்டுக்குப் புதுத்துணி போர்த்தி, கொம்புக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தான். ஒரு வீடு பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஒரு வீடு பத்து வீடாகிவிட்டது. திரும்பி வந்தபோது நைனா மலையை விட்டு இறங்கி, அந்தப் பெரிய மனுஷரை மேல்மலையனூர்ப் பாதையில் விட்டுவிட்டு, வீட்டுக்கே வந்துவிட்டிருந்தார்.

"இன்னா, வீசினியா?" என்று கேட்டார்.

"வீசினேன் நைனா."

"பாத்தேன் கண்ணு" என்றார்.

மறுநாள் ஒருநாள்தான் இருந்தார். அடுத்த நாள் போய்விட்டார். ரங்கூனிலிருந்து இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை. நாற்பத்திரண்டில் ஜப்பான் சண்டையில் பர்மாவிலிருந்து ஜனங்கள் காடும் மலையும் நடந்தே வந்து சேர்ந்தார்கள். அம்மா திண்டிவனம் ஸ்டேஷனில் போய் நின்று, எலும்பும் தோலுமாக இறங்குகிற ஒவ்வொருவரையும், 'காஸ்பர்னு ஒருத்தரு, கொத்தனாரு, பாத்தீங்களா' என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. அந்த நடையைப் பற்றி யாரும் வாராவாரம் எழுதவில்லை.

பதினேழு வருஷமாக எனக்கு ஒரே கேள்விதான். நான் வீசவில்லை. பின்னே எதைப் 'பார்த்தேன்' என்றார்? என் முகத்தைப் பார்த்ததுமே பொய் என்று தெரிந்து, பிள்ளை மனசு நோகக் கூடாதென்று சொன்னாரா? கரை காலியாகக் கிடந்ததை மேலே இருந்து பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாரா? காலியான கரையை மனசில் வைத்துக்கொண்டா கப்பலேறினார்? அவர் செத்துப் போயிருந்தால்கூட என்னால் அழுது தீர்த்துவிட முடியும். இதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போது புத்தகம் வேறு சொல்கிறது, பிறகு அவர் சிரித்தார் என்று. எதைப் பார்த்துச் சிரித்தார்?

செஞ்சிக்கு நடந்தே போக வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு வெகுநாள் ஆசை. வைத்தமாநிதி போன அதே வழி, அதே தேதி. பெண் ஜோசப்பினுக்கு ஆறு வயது ஆகட்டும் என்று காத்திருந்தார். நாற்பத்தாறு பொங்கல் லீவில் கிளம்பினோம். 'போனா மார்கழி இருபத்தெட்டு அன்னைக்குத்தான் உச்சியில நிக்கணும். ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் அது வேற நடை' என்றார். நேர்ந்துகொண்டவர்கூட வேளாங்கண்ணிக்கு இவ்வளவு கணக்காகப் போகமாட்டார் என்றேன். முறைத்தார்.

மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் தொடங்கினோம். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல் கல்லிலேயே குடைந்த கோயில் என்று ஜோசப்பினுக்கு அரைமணி நேரம் விளக்கினார். அவள், "அப்பா, குருவி எங்க கூடு கட்டும்?" என்று கேட்டாள். வைத்தமாநிதி அந்த விஷயத்தை எழுதாததால் பதில் இல்லை. அவர் தண்ணீர் குடித்த கிணற்றில் தண்ணீர் குடித்தோம், உப்புக் கரித்தது. 'தேன் போன்ற நீர்' என்று புத்தகத்தில் இருந்தது. தேன்தான், கொஞ்சம் உப்புப் போட்ட தேன் என்றேன். ரோட்டில் பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற பஸ் புகையைக் கக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனபோதெல்லாம் ஜோசப்பின் கையைக் காட்டினாள். இவர் அவள் கையை இறக்கிவிட்டார். அனந்தபுரத்தில் என் அம்மாவழிச் சொந்தம் ஒருவர் வீட்டில் தங்கினோம். ரேஷன் அரிசிக் காலத்தில் மூன்று பேர் திடீரென்று போய் நின்றால் யார் முகம் மலரும்? கையில் கொண்டுபோன கேழ்வரகு மாவைக் கொடுத்ததும் மலர்ந்தது.

மறுநாள் பாதி வழியில் பயறு பிடுங்கின கொல்லை ஒன்றில் ஜோசப்பின் காலில் முள் தைத்தது. எடுத்துவிட்டோம். ஆனால் செஞ்சி போய்ச் சேர்வதற்குள் பாதம் வீங்கிவிட்டது. கடைசி ஒரு மைல் அப்பா தோளில்தான் வந்தாள். தூரத்தில் மூன்று மலையும் தெரிந்ததும் நின்றுவிட்டேன். அம்மா போன பிறகு அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. மலைகள் ஒரு கல்கூட இடம் மாறாமல் நின்றன. அதைப் பார்த்து ஆத்திரமாக வந்தது.

மார்கழி இருபத்தெட்டு, போகிக்கு முந்தின நாள், காலையில் செட்டிக்குளத்துக் கரைக்கு வந்தோம். வெள்ளாவிப் பானை புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அழுக்கு மூட்டைகள் என் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. துவைத்துக்கொண்டிருந்த காத்தாயி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் மாமியார் காலத்திலிருந்து எங்கள் தெருவுக்கு அவர்கள்தான் வெளுப்பவர்கள்.

"காஸ்பர் பொண்ணா நீ? நைனா வந்துட்டாரா?" என்றாள்.

செஞ்சியில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான். "வரல காத்தாயி" என்றேன்.

ஜோசப்பினால் காலை ஊன்ற முடியவில்லை. தூக்கிக்கொண்டு அத்தனை படி ஏறவும் முடியாது. என் வீட்டுக்காரர் மலையை அண்ணாந்து பார்த்தார். பத்து வருஷமாக அவர் நினைத்துக்கொண்டிருந்த உச்சி அது. துணியைப் பிரித்து, மூன்று அட்டை போட்ட புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீ போயிட்டு வா. நான் பிள்ளையப் பாத்துக்கிடுதேன்."

"நீங்க போங்க. உங்க ஆசைதான இது?"

"எனக்கு அது பாடம். உனக்கு அப்பா" என்றார். சொல்லிவிட்டு, "மழை வந்தா புஸ்தகத்த மடியில வச்சுக்க" என்றும் சொன்னார்.

அம்மாவுடைய அதே முக்காட்டுத் துணியைத்தான் இப்போது நான் பூசைக்குப் போடுகிறேன். ஓரத்தில் இரண்டு இடத்தில் தைத்திருக்கிறேன். அதை ஜோசப்பினிடம் கொடுத்தேன். "அம்மா மேல போயி பாப்பேன். நீ இத வீசு, சரியா?" என்றேன். தலையைத் தலையை ஆட்டினாள். நானும் அப்படித்தான் ஆட்டியிருப்பேன்.

புல்லறுக்கப் போகிற ராஜாம்பாள் கமலக்கண்ணியம்மன் கோயில் வரைக்கும் துணைக்கு வந்தாள். அதற்கு மேல் தனியாகப் போனேன். படிகள் என் முழங்கால் உயரம். குரங்குகள் புத்தகத்தையே பார்த்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கும்போது, இந்தக் கல்லில் நைனாவும் உட்கார்ந்திருப்பாரா என்று தோன்றியது. பக்கத்தில் வைத்தமாநிதி சோழன், நாயக்கன், மராட்டியன் என்று பேசிக்கொண்டே வந்திருப்பார். நைனா 'ஆமாங்க, ஆமாங்க' என்று சொல்லிக்கொண்டு, கண்ணை மட்டும் கீழே குளத்துப் பக்கம் வைத்திருப்பார். அவர் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துவிட்டது. அவருடைய 'கண்ணு' மட்டும் காதில் இருக்கிறது. நைனா, ஒரே ஒரு தடவை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போயேன் என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க யாரும் இல்லை.

பள்ளத்தின் மேல் போட்டிருந்த மரப்பாலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நடு உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. வாடைக்காற்று சேலையைப் பிடுங்கியது. கிழக்குப் பக்கச் சுவர் ஓரமாகப் போய் நின்று கீழே பார்த்தேன்.

குளம் ஒரு தாம்பாளம் அளவுதான் இருந்தது. அதைச் சுற்றிக் கரை தெரியவில்லை. கரை முழுதும் வெள்ளை. காலையில் மூட்டையாகக் கிடந்த ஊர்த்துணி அத்தனையும் இப்போது வெளுத்துக் கயிற்றிலும் பாறையிலும் புதரிலும் காய்ந்தது. போகிக்கு முன்னால் செஞ்சியில் ஒரு வீட்டுத் துணி விடாமல் வெளுக்குப் போகும். அடுத்த நாள் வீடு சுத்தம் பண்ணிப் பழையதைக் கொளுத்துவார்கள், அதற்கு அடுத்த நாள் பொங்கல். ஏழு வயதில் நான் துணி காயும்வரை கரையில் நின்றதே இல்லை, மாட்டின் பின்னால் போய்விட்டேன். மலை ஏறிப் பார்த்ததும் இல்லை. அதனால் அந்தக் காட்சி எனக்குத் தெரியவே தெரியாது. வேட்டி, சேலை, துப்பட்டி, முண்டாசு, நூற்றுக்கணக்கில் காற்றில் படபடத்தன. ஊரே கரையில் நின்று மலையைப் பார்த்து வெள்ளைத் துணி வீசிக்கொண்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன்.

சிரித்த பிறகுதான் நான் சிரித்தேன் என்பது எனக்குத் தெரிந்தது. மடியிலிருந்த புத்தகத்தைப் பிரித்து அந்த வரியைத் தேடிப் படித்தேன். பிறகு அவர் சிரித்தார். அங்கேயே கல்லில் உட்கார்ந்து அழுதேன். என் நைனா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது காலியான கரை இல்லை. இத்தனை துணியில் ஒன்றை 'என் பெண்' என்று பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்துக் கை ஓயும்வரை துண்டை வீசியிருக்கிறார். ரங்கூன் அடுத்த தெருவாகிவிட்டது என்ற நினைப்பில்தான் போயிருக்கிறார்.

எழுந்து முந்தானையை உதறி வீசினேன். கரையில் எது ஜோசப்பின் என்று தெரியவில்லை. ஆளெல்லாம் எள்ளு மாதிரி. ஆனால் குளக்கரை மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை மற்றதை விட வேகமாக ஆடியது. அதுதான் என்று முடிவு பண்ணி, அதற்கே வீசினேன்.

இறங்கி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் மரத்தடியில் ஜோசப்பினை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். முக்காட்டுத் துணியை நாலாக மடித்து அவள் கன்னத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

"நீ அம்மன் கோயில் போயிச் சேருறதுக்கு முன்னாலயே தூங்கிட்டா. காலு வலி" என்றார் மெதுவாக. "எழுப்ப மனசு வரல. நானாவது வீசலாம்னு பாத்தா துணி அவ தலைக்குக் கீழ மாட்டிக்கிட்டு. ஏன் சிரிச்சாருன்னு தெரிஞ்சுதா?"

சொன்னேன். மாட்டின் பின்னால் போனது, பொய் சொன்னது, அவர் 'பாத்தேன்' என்றது, பதினேழு வருஷமாக விட்டுவைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் திரும்பிக் கரையைப் பார்த்தார். காத்தாயி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தை வாங்கி, செஞ்சி அத்தியாயத்தைப் பிரித்து மடியின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"உங்க அப்பா எப்படிக் கையெழுத்துப் போடுவாரு? காஸ்பரா, கஸ்பாரா?"

"காஸ்பர். கால் போடணும்."

'நைனா என்னும் முகமதிய அன்பர்' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்து ஓரத்தில் 'காஸ்பர், கொத்தனார், அமலோற்பவத்தின் நைனா' என்று நிதானமாக எழுதினார். பென்சில் அழுத்தத்தில் ஜோசப்பின் புரண்டு கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் துணி மடிப்பின் தழும்பு இன்னும் போகவில்லை.

"அம்மா, நான் வீசினேன்" என்றாள் அவசரமாக. "ரொம்ப நேரம் வீசினேன். நீ பாத்தியா?"

இவர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தேன் கண்ணு" என்றேன்.